அம்மாவின் முழங்காலுக்கு ஊசி வாங்கக் கிளம்பிய பிள்ளைகளுக்கு

அன்புள்ள மகன்களே, மகள்களே,

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு, ஊரில் படியேற முடியாமல் சுவரைப் பிடித்து நிற்கும் அம்மாவுக்காக இரவு பதினொரு மணிக்குச் செல்பேசியில் மருத்துவமனை தேடுகிறவர்கள் நீங்கள். “அறுவை சிகிச்சை இல்லாமல் மூட்டுத் தேய்மானத்துக்குத் தீர்வு”, “உங்கள் செல்லே உங்களுக்கு மருந்து” என்ற விளம்பரங்கள் உங்களைத் தேடி வருகின்றன. ஒன்றைத் தொட்டுவிட்டால் அடுத்த ஒரு வாரம் வேறு எதுவும் கண்ணில் படாது. நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். நின்று, பணம் கட்டி, வீடு திரும்பிய பிறகு படிக்க ஆரம்பித்தவள். நீங்கள் கட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டால் நல்லது என்றுதான் இந்த மடல்.

என் அம்மா சத்துணவுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் சமைத்தவள். அரிவாள்மணைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் நறுக்கியே பாதி ஆயுள் போனது. அறுபத்து நாலு வயதில் இரண்டு முழங்காலும் வீங்கின. “ஜவ்வு தேஞ்சு போச்சு” என்றார்கள் ஊரில். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நகரத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். வரவேற்பறைச் சுவரில் பெரிய படம். இடப்பக்கம் பாளம் பாளமாக வெடித்த மூட்டு, வலப்பக்கம் அவித்த முட்டை போல வழவழவென்று ஒரு மூட்டு, நடுவில் அம்புக்குறி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆட்டுக்கல்லு கொத்துற மாதிரி கொத்திக் குடுத்துருவாங்களோ?” என்று கேட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கையில் ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றிச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினார்கள். வெளியே எடுத்தபோது அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் நீர், இரண்டுக்கும் நடுவில் பாலாடை போல ஒரு மெல்லிய கோடு. மேலே இருந்ததை உறிஞ்சி முழங்காலில் போட்டார்கள். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. எழுபத்தையாயிரம் ரூபாய். பில்லில் “ஸ்டெம் செல் சிகிச்சை” என்று எழுதியிருந்தது. பிறகுதான் எனக்குத் தெரிந்தது: கை ரத்தத்தைச் சுற்றினால் கிடைப்பது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. பி.ஆர்.பி. என்பது அதுதான். காயம் ஆறத் துணைபோகும் வளர்ச்சிப் புரதங்கள் தட்டணுக்களில் உண்டு, அது நிஜம். ஆனால் அதற்கு ஸ்டெம் செல் என்று பெயரில்லை. நாங்கள் காசு கொடுத்தது ஒன்றுக்கு, வாங்கி வந்தது வேறொன்று.

அம்மாவுக்கு இரண்டு மாதம் வலி குறைந்தது. பிறகு பழையபடிதான்.

ஏமாந்த கோபத்தில் “எல்லாமே மோசடி” என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். படிக்கப் படிக்க அது சரியில்லை என்று தெரிந்தது. தேய்ந்த மூட்டைத் திரும்ப வளர்க்கும் முயற்சி உண்மையான விஞ்ஞானம். அது எங்கே நிற்கிறது, கிளினிக்குகள் அதை எங்கே நிற்பதாகச் சொல்கின்றன, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நம் பணம் விழுகிறது.

முதலில் குருத்தெலும்பைப் பற்றிக் கொஞ்சம். எலும்பு முனைகளின் மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் படர்ந்திருக்கும் வழவழப்பான உறை அது. பெரும்பகுதி நீர். அந்த நீரைப் பிடித்துவைக்கக் கொலாஜன் வலையும், அதற்குள் பஞ்சு போல ஊறி நிற்கும் சர்க்கரைப் புரதங்களும். இதையெல்லாம் கட்டிக் காக்கும் செல்கள் மிகச் சொற்பம். ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. தோலில் கீறினால் ரத்தம் கசிந்து, உறைந்து, பொருக்கு தட்டி ஆறுகிறது. குருத்தெலும்பில் கீறினால் ரத்தம் வர வழியில்லை, அதனால் ஆறவும் வழியில்லை. வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று பதிந்துவைத்தார். அதற்கு எதிர்வழக்கு ஆட மருத்துவத்துக்கு இருநூற்றைம்பது வருடம் பிடித்தது.

அந்த எதிர்வழக்கு 1994-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து வந்தது. பிரிட்பெர்க், பீட்டர்சன் குழுவினர் 23 பேரின் முழங்காலில் பாரம் தாங்காத ஓர் ஓரத்திலிருந்து துளிக் குருத்தெலும்பை எடுத்தார்கள். அதிலிருந்த செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கினார்கள். பிறகு குழி விழுந்த இடத்தில் அவற்றை விட்டு, எலும்புறைத் துண்டால் மூடித் தைத்தார்கள். தொடையெலும்பு முனையில் குழி இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லின் பின்புறம் குழி இருந்த 7 பேரில் 2 பேருக்குத்தான். இந்தக் கணக்கை விடவும் முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. நோயாளிகளின் வயது 14 முதல் 48 வரை. பெரும்பாலும் அடிபட்டு, மற்றபடி நல்ல மூட்டில் ஒரு குழி மட்டும் விழுந்தவர்கள். நம் அம்மாக்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்குப் பிறகு செல்லைத் தாங்கிப் பிடிக்கும் பொருள்களில் பெரிய வேலை நடந்திருக்கிறது. செல்லை வெறுமனே விட்டால் கசிந்து ஓடிவிடும், அதற்கு ஒரு படுக்கை வேண்டும். பன்றியின் கொலாஜனில் செய்த மெல்லிய சவ்வில் நோயாளியின் செல்லைப் பரப்பிக் குழியில் ஒட்டும் முறைக்கு 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. கனடாவில், இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை நோயாளியின் ரத்தத்தோடு கலந்து குழியில் உறையவைக்கும் முறை வந்தது. இஸ்ரேலில் பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைக் கடைந்து ஒரு சிறு தக்கை செய்தார்கள். அதன் நுண்துளைகள் வழியே கீழிருந்து எலும்பு மஜ்ஜைச் செல்கள் ஏறி வருகின்றன, தக்கை மெல்லக் கரைகிறது, அந்த இடத்தில் திசு வளர்கிறது. 2022 மார்ச்சில் அதற்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. லேசான, நடுத்தரத் தேய்மானம் உள்ள மூட்டிலும் இதைப் பொருத்தலாம், முற்றிய தேய்மானத்தில் கூடாது. அதிலும் சில சதுர சென்டிமீட்டர் அளவுள்ள குழிக்கு மட்டும்தான்.

எல்லாமே குழி அடைக்கும் வேலை என்பதைக் கவனியுங்கள்.

வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். சுவரில் ஆணி பெயர்ந்து ஒரு ஓட்டை விழுந்தால் சிமெண்டு குழைத்துப் பூசிவிடலாம், நிற்கும். ஆனால் அடியிலிருந்து ஓதம் ஏறிய சுவர் வேறு. பூச்சு உப்பும், பொரியும், தொட்டால் உதிரும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பூச்சு பூசினாலும் அடுத்த மழைக்கு அதுவும் உதிரும். வயதான முழங்காலின் தேய்மானம் ஓதம் ஏறிய சுவர். குருத்தெலும்போடு நின்றுவிடுவதில்லை. மூட்டின் உள்சவ்வு அழன்றிருக்கிறது, அடியிலுள்ள எலும்பு இறுகியிருக்கிறது, ஓரங்களில் முள் முளைத்திருக்கிறது, தொடைத்தசை மெலிந்திருக்கிறது, கால் வளைந்து உட்பக்கம் மட்டும் பாரம் இறங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் புதிய செல்லைக் கொண்டுபோய் விட்டால் அது பிழைத்து வேர்பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது பெரிய எதிர்பார்ப்பு.

அப்படியானால் ஊசிகள் என்ன செய்கின்றன? பெரிய சோதனைகள் மூன்றைச் சொல்கிறேன்.

பி.ஆர்.பி.யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி., மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்துக்கு அளக்கும் வலி பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8. ஸ்கேனில் குருத்தெலும்பு இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தது. அம்மாவின் அந்த இரண்டு மாத நிம்மதி எதனால் வந்தது என்று இதைப் படித்தபோது யோசித்தேன். அந்த நிம்மதி பொய்யில்லை. அதை எழுபத்தையாயிரம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். சிறிய ஆய்வுகள் சிலவற்றில் பி.ஆர்.பி.க்குச் சாதகமான முடிவுகளும் வந்திருக்கின்றன, அதனால் கதவு மூடவில்லை. ஆனால் “குருத்தெலும்பு வளரும்” என்று சொல்லி விற்க அவற்றிலும் இடமில்லை.

அடுத்தது செல்கள். அமெரிக்காவில் 475 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. நோயாளியின் மஜ்ஜையிலிருந்து எடுத்தது, கொழுப்பிலிருந்து எடுத்தது, தொப்புள்கொடியிலிருந்து வளர்த்தது என்று மூன்று விதச் செல் ஊசிகளையும் வழக்கமான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை.

மூன்றாவது நம் நாட்டிலேயே நடந்தது. பெங்களூர் நிறுவனம் ஒன்று, கொடையாளர்களின் மஜ்ஜையிலிருந்து பெருக்கிய செல்களை 146 பேரிடம் சோதித்தது. நடுத்தரத் தேய்மானம் உள்ளவர்களுக்கு 2022-ல் இந்திய அரசின் அனுமதியும் பெற்றது. ஸ்டெம்பூசெல் என்பது அதன் பெயர். போலி ஊசியைவிட வலி நன்றாகக் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. ஸ்கேனில் குருத்தெலும்பின் தரம் மேலும் கெடாமல் நின்றதாகவும் சொல்கிறது. தேய்ந்தது திரும்ப முளைத்ததாக அந்த ஆய்வும் சொல்லவில்லை. முறையான சோதனை, முறையான அனுமதி, அளந்து பேசிய முடிவு. விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்கள் அல்லர்.

முறையான வழியிலும் சறுக்கல் உண்டு என்பதற்குத் தென்கொரியாவின் இன்வொசா ஒரு பாடம். குருத்தெலும்புச் செல்லில் மரபணு சேர்த்துச் செய்த உலகின் முதல் மூட்டு மருந்து என்று 2017-ல் அந்நாட்டு அரசு அனுமதித்தது. 3,000-க்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். 2019-ல் பரிசோதித்துப் பார்த்தபோது, மரபணு ஏற்றிய அந்தச் செல் குருத்தெலும்புச் செல்லே இல்லை, சிறுநீரகத்திலிருந்து வந்த செல் என்று தெரிந்தது. அனுமதி ரத்தானது. உண்மைப் பெயரோடு பிறகு அமெரிக்காவில் சோதனை தொடர்ந்தது வேறு கதை. ஒரு நாட்டின் அரசே ஆராய்ந்து அனுமதித்த குப்பியிலேயே உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் இரண்டு வருடம் போனது என்றால், தெருமுனைக் கிளினிக்கின் குப்பியைப் பற்றி என்ன சொல்ல?

“ஜெல் ஊசி” பற்றியும் கேட்பீர்கள். மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கும் ஹயலுரானிக் அமிலம் அது. முதலில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இன்று பெரும்பாலும் நுண்ணுயிரில் வளர்க்கிறார்கள். “எண்ணெய் வற்றிப்போச்சு, எண்ணெய் விடுறோம்” என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். 169 சோதனைகளைத் தொகுத்து 2022-ல் வந்த ஓர் ஆய்வு, பலன் உண்டு, ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 20 பேரின் முழங்காலுக்கு வெளியே உலோகச் சட்டம் பூட்டி, இரண்டு எலும்புகளையும் 5 மில்லிமீட்டர் விலக்கி, இரண்டு மாதம் அப்படியே வைத்தார்கள். செல் ஏதும் ஊசியாகப் போடவில்லை. ஒரு வருடம் கழித்து ஸ்கேனில் குருத்தெலும்பு தடித்திருந்தது. 2024-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், புரதத் துணுக்கையும் ஹயலுரானிக் அமிலத்தையும் கலந்து நெய்த ஒரு பொருளை ஆட்டின் முழங்கால் குழியில் வைத்து ஆறு மாதத்தில் நல்ல குருத்தெலும்பை வளரச் செய்தார்கள். மனிதரிடம் வர இன்னும் காலம் ஆகும். ஆனால் உட்ரெக்ட் சட்டம் ஒன்றைச் சொல்லாமல் சொல்கிறது. பாரத்தை இறக்கினால் தேய்ந்த மூட்டும் தன்னால் முடிந்ததைச் செய்துகொள்கிறது.

பாரத்தை இறக்குவதற்குச் சட்டம் பூட்டத்தான் வேண்டும் என்றில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து சொன்னார்கள். ஐந்து கிலோ குறைத்த அம்மா, அடிக்கு இருபது கிலோவை இறக்கி வைக்கிறாள். உடல் பருமனும் முழங்கால் வலியும் உள்ள 407 பேரிடம் எடை குறைக்கும் செமாகுளூடைட் ஊசியைச் சோதித்த முடிவு 2024-ல் வெளியானது. அந்த ஊசி போட்டவர்களுக்கு வலி, நூற்றுக்கு அளக்கும் கணக்கில் 41.7 குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்கு 27.5. முழங்காலைத் தொடாமலே முழங்கால் வலியைக் குறைத்த ஊசி அது. எல்லா அம்மாவுக்கும் அது வேண்டியதில்லை, மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது. ஆனால் எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று அது காட்டுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஊசிகள் தோற்ற பிறகு, அரசு மருத்துவமனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் அம்மாவுக்கு ஒரு துண்டைச் சுருட்டிக் காட்டினாள். காலை நீட்டி உட்கார். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வை. தொடையை இறுக்கி, முழங்காலால் துண்டைத் தரையோடு அழுத்து. ஐந்து எண்ணும்வரை பிடி. விடு. ஒரு காலுக்குப் பதினைந்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. அம்மா சீரியல் பார்த்துக்கொண்டே செய்தாள். விளம்பரம் வந்தால் இடது கால், நாடகம் வந்தால் வலது கால். அரிவாள்மணையை மேசைமேல் ஏற்றிப் பார்த்தோம், சரிப்படவில்லை, கத்திக்கு மாறினாள். கழிவறையை மாற்றிக் கட்டினோம். நான்காவது மாதம் கோயில் படி ஏறினாள். மூட்டு புதிதாகவில்லை. ஸ்கேன் எடுத்தால் அதே பாளம்தான் தெரியும். அம்மா ஸ்கேனில் வாழவில்லை, படியில் வாழ்கிறாள்.

எனவே, பணம் கட்டும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்.

அம்மாவின் தேய்மானம் எத்தனையாவது நிலை? 1957-லிருந்து எக்ஸ்ரேயை வைத்து நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள். நான்காவது நிலைக்கு, எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு, செல் ஊசி விற்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்த நிலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் சோதித்து அறிந்த வழி. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. மாற்று மூட்டின் விலைக்கும் 2017-லேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

ஊசிக்குள் இருப்பது என்ன? ரத்தமா, மஜ்ஜையா, கொழுப்பா, கொடையாளர் செல்லா? பெயரையும் அனுமதியையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். 2019-ன் புதிய மருந்து விதிகளின்படி ஸ்டெம் செல்லிலிருந்து செய்யும் தயாரிப்பு எப்போதும் “புதிய மருந்து”தான். அனுமதியில்லாமல் விற்க முடியாது.

“இது ஆராய்ச்சி” என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் உள்ள எண் என்ன? சோதனைக்கு உட்படுகிறவரிடம் சிகிச்சைக்கென்று காசு வாங்கக் கூடாது. காசும் கேட்டு, ஆராய்ச்சி என்றும் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

கடைசியாக, எதை வைத்து வெற்றி என்பீர்கள்? வலி குறையும் என்கிறாரா, குருத்தெலும்பு வளரும் என்கிறாரா? வளரும் என்றால், முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனை யாரிடம், எத்தனை பேரிடம் பார்த்தார் என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய படம் கணக்கில் சேராது.

நம்மில் பலரால் அம்மாவோடு இருக்க முடியவில்லை. அந்தக் குறையை ஒரு விலையுயர்ந்த ஊசியால் ஈடுகட்டப் பார்க்கிறோம். கிளினிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். அம்மாவுக்குத் தேவையானது தினமும் நடக்க வேண்டிய சின்ன வேலை, அதைப் பணம் கட்டி முடித்துவிட முடியாது. ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இன்று ராத்திரி போன் செய்யும்போது “வலி எப்படிம்மா இருக்கு” என்று கேட்டால் “இருக்குப்பா” என்றுதான் பதில் வரும். “இன்னிக்கு எத்தனை தடவை துண்டை அழுத்துன?” என்று கேளுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல வெளியூரில் இருக்கும் ஒரு மகள்